கார்மடியின் கை

"இன்னும் அரை மணி நேரம் பொறுங்கம்மா, அப்புறம் உள்ள வரலாம்" என்று சொல்லி, சவ அடக்க வேலை பார்க்கும் லாலர் முன்னறைக் கதவைச் சாத்தினார். அப்பாவின் சட்டைக்கு மாட்ட வேண்டிய, இஸ்திரி போட்ட தனிக் காலரைக் கையில் பிடித்தபடி டீலியா வெளியே நின்றாள். உள்ளே அவளுடைய அப்பா டெனிஸ் கார்மடி கிடந்தார்.

ஹோலியோக் ஊரில் கார்மடியைத் தெரியாதவர்கள் கிடையாது. கையுறை போடுகிறவன் ஆம்பளையே இல்லை என்று பேஸ்பால்காரர்கள் பேசிக்கொண்ட காலத்தில், பதினோரு வருஷம் வெறுங்கையால் பந்து பிடித்த கேட்சர். ஒடியாத விரல் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கும். அணிக்கு மேனேஜரான பிறகாவது அடங்கினாரா? எங்கே! அம்பயரை அறைந்ததற்காக ஆட்டத்தின் நடுவில் போலீஸ் வந்து இழுத்துப்போனது. அப்போதும் எவன் எங்கே நிற்க வேண்டும் என்று கத்திக்கொண்டேதான் போனார்.

நேற்று மதியம் அவர் உயிர் போனபோது டீலியா காகித ஆலையில் இருந்தாள். சேதி வந்த பிறகும் கையிலிருந்த காகிதக் கட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். அழுகை வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறியேடி, ஊரு என்ன சொல்லும்?" என்று அம்மா ஹனோரா காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

படுக்கையில் கிடந்த நாலு மாதமும் அவர் கையைத் தொட விட்டதில்லை. "நான் என்ன கொழந்தையா?" என்று உதறுவார். இனி உதற மாட்டார். ஒரே ஒரு தடவை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் உள்ளே மரத்துக் கிடப்பது அசையும் என்று டீலியா நம்பியிருந்தாள். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

கதவு திறந்தது. லாலர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெபமாலையப் பிடிக்கவே மாட்டேன்னு அடம்பிடிச்சுது அந்த விரலுங்க. ஒவ்வொண்ணா நிமித்திட்டேன். பாருங்க, ஃபாதர் கை மாதிரி இருக்கு."

"நல்லாச் செஞ்சீங்க" என்றாள் அம்மா. "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு லட்சணமா இருந்ததில்ல."

டீலியா உள்ளே போய் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். நேரான விரல்கள். யாருடையவோ. காலரை மாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய் ரொட்டி அறுத்தாள்.

மூன்று மணிக்கு கஸ் ஹார்ட்விக் வந்தார். அந்தக் காலத்து எதிரணி கேட்சர், அவரும் வெறுங்கைக்காரர். அந்தப் பெயரை அப்பா கெட்ட வார்த்தை சேர்க்காமல் சொன்னதே இல்லை. வந்தவர் சவப்பெட்டியருகே நின்றார்.

"போயிட்டியாடா, பன்னிப்பயலே" என்று முனகினார். பிறகு குனிந்தார். "இது யாரு கை?"

"என்ன கேள்வி இது? அவரு கைதான்" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா! ஆணி வச்ச பூட்ஸால மிதிச்சு அந்தச் சுண்டுவிரல ஒடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா? எவன்யா இத நிமித்தினது?"

லாலர் சன்னலைப் பார்த்தார். ஹார்ட்விக்குக்கே தன் சத்தம் சங்கடமாகிவிட்டது. டீலியாவிடம் திரும்பி, "மன்னிச்சுக்கம்மா" என்று கையை நீட்டினார்.

முட்டிகள் வீங்கி, நடுவிரல் பக்கவாட்டில் சாய்ந்து, சுண்டுவிரல் உள்ளே வளைந்த கை. டீலியா பிடித்தாள்.

"சரிம்மா, சரி" என்றார் அவர். "பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் விடவில்லை. ஹார்ட்விக் மறு கையிலிருந்த தொப்பியை நாற்காலியில் வைத்துவிட்டு அப்படியே நின்றார்.