ஒரே நிறத்தில் நாலு தரை

டைல்ஸ் கடைக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டேன். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. என் கணவரிடம், "சார், மேடத்துக்கு என்ன கலர் புடிக்கும்?" என்றார்.

"மேடத்துக்கு வாய் இருக்கு, மேடத்தையே கேளுங்க. பார்வைதான் இல்லை, பொறந்ததுலேருந்தே," என்றேன். மனிதர் அசடு வழிந்தது குரலிலேயே தெரிந்தது.

நிறமெல்லாம் என் கணவர் பாடு. ஒரு வாரமாக வெள்ளையிலேயே நாலு வெள்ளையை வைத்துக்கொண்டு அல்லாடியவர், கடைசியில் சுவர், தரை எல்லாமே வெண்ணெய் நிறம் என்று முடிவுகட்டியிருந்தார். தரை எப்படி இருக்க வேண்டும் என்பது என் பாடு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சொந்த வீட்டுக்குள் சுவரைத் தொடாமல் நடக்க வேண்டும். வாடகை வீடுகளில் தரையெல்லாம் ஒரே வழவழப்பு; எந்த அறையில் நிற்கிறேன் என்று கால் சொல்லாது. அதனால் ஒரு கை எப்போதும் சுவருக்கு. மிச்சமுள்ள கையில் ஒரு டம்ளர் தேநீர்தான் வரும். அவருக்குக் கொடுத்துவிட்டு என்னுடையதை எடுத்துவருவதற்குள் அவர் பாதி குடித்திருப்பார். அவர் எழுந்து உதவ வந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், அது வேறு கதை. பதினாலு வருடமாக இதே கூத்து.

கடையில் இருபது டைல்ஸ் மேலாவது வெறுங்காலோடு ஏறி இறங்கியிருப்பேன். கூடத்துக்கு வழவழப்பு, சமையலறைக்கு மெல்லிய வரி, படுக்கையறைக்குத் துணி நெசவு போல ஒன்று, குளியலறைக்குச் சொரசொரப்பு. நாலும் வெண்ணெய் நிறம்! சந்தோஷத்தில் அங்கேயே குதித்தேன். "டைல் உடைஞ்சா நாமதான் வாங்கணும், இறங்கு," என்றார் அவர்.

கூடத்தில் பதித்து முடித்த மறுநாள் புது வீட்டுக்குப் போனோம். "அக்கா, பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கு," என்றார் மேஸ்திரி.

"இருங்க, நானும் பாத்துட்டுச் சொல்றேன்," என்று காலை வைத்தேன். மூன்றாவது எட்டில் நின்றுவிட்டேன். "மேஸ்திரி, இது குளியலறை டைல்."

"சேச்சே! எல்லாம் ஒண்ணுதான்க்கா. ஒரே கலர் பாருங்க."

"எனக்கா கலர் காட்டுறீங்க? குனிஞ்சு கையை வைங்க."

வைத்தார். கை சொரசொரவென்று தேயும் சத்தம் கேட்டது. ஒரே நிறம்தானே என்று பெட்டிகளைப் பிரித்து ஒரே அடுக்காக அடுக்கியிருக்கிறார். என் கணவரும் முந்தின நாள் வந்து பார்த்துவிட்டு, "பிரமாதம்!" என்று மெச்சிவிட்டுத்தான் போயிருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"இதுவும் எனக்கு வாடகை வீடாப் போயிடுமாங்க?" என்று கணவரைக் கேட்டேன்.

"அழாதீங்கக்கா. கலவை இன்னும் இறுகல. எதெதுன்னு நடந்து காட்டுங்க, பேத்துடறேன்," என்றார் மேஸ்திரி.

அவ்வளவுதான், அழுகை போன இடம் தெரியவில்லை. சுவரோரத்திலிருந்து வரிசை வரிசையாக நடந்தேன். "இது!" என்பேன், கணவர் சாக்பீஸால் குறி போடுவார். "அதுவுமா?" என்று மேஸ்திரி முனகுவார். பதினோரு டைல் அகப்பட்டது. பன்னிரண்டாவது, சமையலறைக்கு இறங்கும் ஒற்றைப் படிக்குச் சரியாக முன்னால் கிடந்தது. பேர்க்க மேஸ்திரி அதன் ஓரத்தில் உளியை வைத்துவிட்டார்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அந்த டைல் மேல் காலைத் தேய்த்துப் பார்த்தேன். சொரசொரவென்று எச்சரித்தது. அடுத்த எட்டில் படி. இப்படிப்பட்ட படிகளில் எத்தனை முறை உருண்டிருக்கிறேன்! "அட, இது எனக்குத் தோணாமப் போச்சே! இதை எடுக்காதீங்க. படிக்குக் கீழேயும் இதே மாதிரி ஒண்ணு வைங்க."

"நான் தெரிஞ்சுதான்க்கா வெச்சேன்," என்றார் மேஸ்திரி. வாயைப் பாருங்கள்!

குடிவந்த மறுநாள் காலை என் கணவர் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையிலிருந்து கிளம்பினேன். வரி, சொரசொரப்பு, படி, மறுபடி சொரசொரப்பு, அப்புறம் வழவழவென்று என் கூடம். செய்தித்தாள் கீழே விழும் சத்தம் கேட்டது.

"என்னம்மா இது, ரெண்டு கையிலயும் டம்ளரா?"

"ஒண்ணு உங்களுது, ஒண்ணு என்னுது. சீக்கிரம் வாங்குங்க, கை சுடுது."