பட்டியலில் மூன்றாவது பெயர்

தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் நோயைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது அவள் வேலை. காதோரம் எப்போதும் பென்சில் செருகியிருப்பாள்; அலுவலகத்தில் அதுவே அவள் பெயராகிவிட்டது. பயம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க எல்லோரும் ஒன்று என்றே சொன்னார்கள். அவள் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில் மணி அடித்தாள். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார். அவள் முகக்கவசத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"அத இன்னுமா மாட்டிக்கிட்டுத் திரியறீங்க? கழட்டிட்டு வாங்கம்மா. இங்க எல்லாரும் மூணு ஊசி போட்டாச்சு."

"பழகிடுச்சு சார்," என்றாள் பென்சில். கழற்றவில்லை.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, டிவிக்கு எதிரே உட்கார்ந்து பட்டாணி உரிக்கத் தொடங்கினார்.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"ரெண்டு."

"லிஸ்ட்ல மூணு பேர் இருக்கே. உங்க பையன்..."

"ரெண்டு பேர்தாம்மா," என்றார் அந்த அம்மா, திரும்பாமல்.

அப்போது உள்ளறையில் யாரோ இருமினார்கள். வறண்ட, நீண்ட இருமல். முடிந்த பிறகு மூச்சை இழுக்கும் சத்தம் கூடம் வரைக்கும் வந்தது. இருவரும் தலை நிமிரவில்லை.

"உள்ள யாரு சார் இருமறது?"

"இருமலா? குழாயில காத்து அடைச்சிருக்கும். பழைய கட்டடம்."

அவர் முகத்தில் பொய் சொல்கிறவரின் தடுமாற்றம் துளியும் இல்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது.

"சரி, பயம் எவ்வளவு?"

"ஒண்ணு. சைபர் இருந்தா அதப் போடுங்க."

"ஊசி போட்ட அன்னிக்கே அந்தப் பேச்ச இந்த வீட்ல முடிச்சிட்டோம்," என்றார் மனைவி.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம்... என்னையும் கேளுங்க."

எழுந்து கதவருகே போனாள். யாரும் தடுக்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒம்பது நாள். டெஸ்ட்ல ரெண்டு கோடு வந்துச்சு, நோய் இருக்குன்னு. அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, ஒரு கோடுதான் இருக்குன்னாரு."

"சாப்பாடு?"

"மொதல்ல மூணு தட்டு வச்சாங்க. நாலாவது நாள்லேர்ந்து ரெண்டுதான். அவங்க தூங்கினப்புறம் எடுத்துக்கறேன்."

வேறென்ன கேட்பதென்று தெரியாமல், பயம் எவ்வளவு என்றே கேட்டாள்.

"நோய்க்கு ரெண்டு போடுங்க, ஊசி போட்டிருக்கேன்ல." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தான். "நேத்து அம்மா இந்த ரூமுக்குள்ள வந்தாங்க. துவைச்ச துணியெல்லாம் மடிச்சு என் கால் மேல அடுக்கி வச்சிட்டுப் போனாங்க. கட்டில்ல ஆள் இருக்கறதே அவங்களுக்குத் தெரியல. அதுக்கு அஞ்சு."

பென்சில் கூடத்துப் பக்கம் திரும்பினாள். "சார், உங்க பையனுக்கு மூச்சுத் திணறுது. ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு எப்பப் போச்சு? டீயத் தொடக்கூட இல்ல."

"வேலை இருந்திருக்கும்," என்றபடி அந்த அம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு அவளை ஒட்டியே நடந்துபோய், டீயைச் சமையலறைத் தொட்டியில் கொட்டினார். புடவை அவள் கையில் உரசியது.

"அம்மா! இங்க நிக்கறேன்மா!" முகக்கவசத்தை இறக்கிக் கத்தினாள். அவர் திரும்பி வந்து பட்டாணியை உரித்தார்.

படிக்கட்டுக்கு ஓடி வந்து ஆம்புலன்ஸுக்கு எண்களை அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண், "சொல்லுங்க, கேக்குது," என்றதும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அரைமணி நேரத்தில் இரண்டு பேர் வந்து அவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். கூடம் குறுகலானது. ஸ்ட்ரெச்சர் கடக்கும்போது அந்த அம்மா, மடியில் பட்டாணிக் கிண்ணத்தோடு, காலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டார். கண் டிவியை விட்டு நகரவில்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். ஊசி போட்டிருந்ததால்தான் இந்த மட்டோடு போயிற்று என்றார் மருத்துவர். பதினைந்து நாள் கழித்து அவளுக்குப் போன் செய்து நன்றி சொன்னான்.

"வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன் மேடம். அம்மாதான் கதவத் தொறந்தாங்க. யாரப் பாக்கணும் தம்பின்னு கேட்டாங்க."

"உங்களையா கேட்டாங்க?" என்றாள்.

"நல்லாத்தான் பேசினாங்க," என்றான். "வெயில்ல வந்திருக்கியேன்னு தண்ணி கூடக் குடுத்தாங்க."

இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். கூட வேலை பார்க்கும் ஒருவன் தன் அறையில் இடம் கொடுத்திருக்கிறானாம்.

"ஞாயித்துக்கிழமை மறுபடியும் போய்ப் பாக்கறேன் மேடம்."