புஸ்வாணப் பெட்டியில் டுப்பிலோ

முப்பத்தோரு வயதில் ஃபோனில் பொம்மை வளர்க்கிறவள் என்று எங்கள் அச்சகத்தில் என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. செய்துவிட்டுப் போகட்டும். சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற ரீல்ஸைவிட நான் விளையாடுகிற குருபோ ஒன்றும் மட்டம் இல்லை. காட்டிலும் மேட்டிலும் திரிகிற விநோதப் பிராணிகளைப் பிடித்து வளர்க்கிற விளையாட்டு அது. இதுவரை நாலு பாகம் வந்திருக்கிறது. பறக்கிறது, நீந்துகிறது, மின்னல் கக்குகிறது என்று முந்நூறு பிராணிகளுக்கு மேல் இருக்கின்றன. மற்றவையெல்லாம் எனக்குச் சும்மா. டுப்பிலோ மட்டும்தான் உயிர்.

டுப்பிலோ இளநீல நிறத்தில் இருக்கும். அடிப்பக்கம் அகலம், தலை கூம்பு, முட்டைக்கண், இரண்டே இரண்டு குட்டைக் கால். கிடைக்கும்போதே அழுதுகொண்டுதான் கிடைக்கும். திரையில் விரலை வைத்தால் ஓர் உள்ளங்கை தோன்றும். அதில் ஏறி உட்கார்ந்ததும் அழுகையை நிறுத்திவிடும். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, தலை உச்சியிலிருந்து பொறி பொறியாகப் பூக்கும். அந்த அழகுக்கு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் கீழே இறக்கினால் போச்சு. பொறி அணைந்து, மறுபடி அழ ஆரம்பிக்கும். மூன்று தடவை இறக்கிவிட்டால் காட்டுக்கே திரும்பிப் போய்விடும். குருபோ விளையாடுகிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: டுப்பிலோவைக் கையை விட்டு இறக்கவே கூடாது.

என் பிழைப்பு லேபிள் வரைவது. நாரணாபுரம் ரோட்டில் ரத்தினசாமி அண்ணாச்சியின் ஆப்செட் அச்சகத்தில் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெடிப் பெட்டிகளுக்குப் படம் போடுகிறேன். எங்கள் ஊரில் பெட்டி மேல் இருக்கிற படத்துக்கும் உள்ளே இருக்கிற சரக்குக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சரவெடிக்குத் தாமரை போடுவோம், அணுகுண்டுக்குப் பூனைக்குட்டி போடுவோம், கம்பி மத்தாப்புக்குப் புலி போடுவோம். படம் பளிச்சென்று இருந்தால் சரக்கு நகரும், அவ்வளவுதான் கணக்கு. ஒரு படத்தைப் பார்த்து, இது எதற்காக இங்கே இருக்கிறது என்று கேட்கிற புத்தியே எங்களுக்கு மரத்துப்போய்விட்டது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆடி மாதம் சீசன் சூடு பிடித்த நேரத்தில் ஹரிஷ்குமார் அச்சகத்துக்கு வந்தார். எங்களுக்கு லேபிள் ஆர்டர் கொடுக்கிற பட்டாசுக் கம்பெனி அய்யாதுரை முதலாளியின் மகன். கம்பெனியை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார். வந்தவர் என் மேசை மேல் ஃபோனை வைத்தார். பார்த்தால் திரை முழுக்க என் டுப்பிலோ. ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் உட்கார்ந்து பொறி விட்டுக்கொண்டிருந்தது.

“என் பொண்ணு பிரீத்தி எந்நேரமும் இதத்தான் விளையாடிட்டு இருக்கா. ஊர்ல எல்லாப் பிள்ளைகளும் இதுக்குப் பைத்தியமாம்,” என்றார். “புஸ்வாணத்துக்குப் போடுறோம். ‘மேஜிக் டுப்பிலோ.’ புஸ்வாணத்துக்கே நீல பெயிண்ட் அடிச்சு, கண்ணு ஒட்டி, கால் ஒட்டி விடுறோம். லேபிள்ல இந்தப் படம் அப்படியே வரணும்.”

“இது இன்னொருத்தக வரைஞ்சது சார். கேக்காம எப்படிப் போடுறது?” என்றேன்.

“மூக்கைக் கொஞ்சம் மாத்துங்க. நம்மளது ஆயிரும்.”

டுப்பிலோவுக்கு மூக்கே கிடையாது. அதைக்கூடப் பார்க்காத மனுஷன் அதை வைத்துச் சரக்கு விற்கப் புறப்பட்டிருக்கிறார். அத்தோடு விட்டாரா? வடக்கே நீலம் எடுபடாது, உதட்டைச் சிவப்பாக்குங்கள் என்றார். தலையில் ஒரு கிரீடம் வையுங்கள் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் மகளுக்கு உதட்டுச்சாயம் பூசிக் கிரீடம் வைத்துத் தெருவில் நிறுத்துவீர்களா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. மாதச் சம்பளக்காரி, வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வரைய உட்கார்ந்ததும் அந்தக் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் பிடித்த ஒன்றை வரையச் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. கிரீடத்தைச் சின்னதாக்கினேன், உதட்டில் சிவப்பை லேசாகத் தொட்டு ஏமாற்றினேன். டுப்பிலோவின் கண்ணில் அந்த அழுது முடித்த ஈரத்தைக்கூடக் கொண்டுவந்துவிட்டேன். பிள்ளையின் கையை மூன்று தடவை அழித்து வரைந்தேன். அச்சகமே வந்து பார்த்துவிட்டுப் போனது. ரத்தினசாமி அண்ணாச்சி, “ஏ இசை, கம்ப்யூட்டர்ல போட்ட மாதிரியா இருக்கு, தொட்டுத் தூக்கலாம் போல இருக்கு,” என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

சரிபார்க்க எடுத்த ப்ரூஃப் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனேன், அம்மாவிடம் காட்டிப் பெருமை அடிக்க. அம்மா மாரித்தாய் தாயில்பட்டிப் பக்கம் ஹரிஷ்குமார் கம்பெனியின் பட்டாசு ஆலையில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை பார்க்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. கையைக் கழுவிவிட்டு வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என்னட்டி, புள்ள புஸ்வாணத்தக் கையில வச்சிருக்கு?”

“புஸ்வாணம் இல்லம்மா, டுப்பிலோ. விளையாட்டுல அத அப்படிக் கையிலதான் வச்சிருக்கணும்.”

“விளையாட்டுல வச்சிட்டுப் போகட்டும். இது புஸ்வாணப் பெட்டில்லா?”

நான் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அம்மா விடவில்லை.

“நாங்க அடைக்கிறது அம்புட்டும் கை வாகுதான். எங்கனயாச்சும் ஒண்ணு இறுக்கம் தப்பிரும். மேல பூக்காது, அங்கனயே வெடிச்சிரும். தரையில இருந்தா மண்ணுதான் தெறிக்கும். கையில இருந்தா என்ன தெறிக்கும்?”

தாளை மடித்து என் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குருபோவும் எனக்குத் தெரியும், புஸ்வாணமும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்த அச்சகத்தில் நான்தான். நான்தான் மூன்று தடவை அழித்து அழித்து அந்தக் கையை வரைந்திருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் போகும்போதே பிளேட் ஏற்றி மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணாச்சியிடம் ஓடி, இந்த லேபிளை அடிக்க வேண்டாம், பார்க்கிற பிள்ளைகள் புஸ்வாணத்தைக் கையில் வைத்துக் கொளுத்தும் என்றேன்.

“லேபிளப் பாத்தா வெடி போடுதாக? அணுகுண்டுல பூனை போட்டோமே, எவனாச்சும் பூனையக் கொளுத்தினானா?” என்றார் அண்ணாச்சி.

“பூனையக் கையில வச்சுக் கொளுத்துன்னு எந்த விளையாட்டும் சொல்லலியே அண்ணாச்சி. இது சொல்லுது. நாம வேற புஸ்வாணத்தையே டுப்பிலோ மாதிரி செஞ்சு குடுக்கோம்.”

“பின்னால போட்டிருக்கோம்ல, கையில் பிடித்துக் கொளுத்தக் கூடாதுன்னு.”

“எறும்பு அளவுல போட்டிருக்கோம். முன்னால கை அளவுக்குக் கை போட்டிருக்கோம்.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் ஆர்டர் கொடுத்தவர் சொல்லாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டார். “மெஷின் ஓடத்தான் செய்யும். நிறுத்தணும்னா சின்ன முதலாளி வாயால சொல்லட்டும், போய்க் கேளு,” என்றார். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பெனி ஆபீஸுக்குப் போனேன்.

ஹரிஷ்குமார் ஏசி அறையில் இருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பிரீத்தியும் அங்கேதான் இருந்தாள். ஏழு வயது இருக்கும். சோபாவில் குப்புறப் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டு ஃபோனில் விளையாடிக்கொண்டிருந்தாள். மேசை மேல் ஏஜெண்டுகளிடம் காட்டுவதற்குச் செய்த டம்மி புஸ்வாணம் மூன்று நின்றன. உள்ளே மருந்து கிடையாது, வெறும் அட்டைக் கூம்பு. நீல பெயிண்ட், முட்டைக்கண், குட்டைக் கால். பாழாய்ப்போகிறவர்கள், அச்சு அசலாகச் செய்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

“இசைவாணி, நீங்க நல்ல டிசைனர். அதப் பாருங்க. சேஃப்டியப் பாக்க எங்ககிட்ட ஆள் இருக்கு. பெட்டியில எல்லாம் எழுதித்தான விடுறோம்.”

“வாசிக்கத் தெரியாத பிள்ளைகளும்தான வாங்குது சார்?”

“அதுக்குத்தான் பெத்தவங்க இருக்காங்க.”

“டுப்பிலோவக் கீழ வைக்கக் கூடாதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியும். பெத்தவுகளுக்கு அது தெரியாது. உங்களுக்கே தெரியாதுல்லா.”

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “சும்மா ஒரு படத்துக்குப் போய்…” என்று ஆரம்பித்தார். அந்தச் ‘சும்மா’வில் எனக்கு மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது. ஒரு டம்மியை எடுத்துக்கொண்டு பிரீத்தியிடம் போனேன்.

“பிரீத்தி, இந்தாம்மா. அப்பா செஞ்ச டுப்பிலோ. இத எப்படிக் கொளுத்தணும், காட்டு பாப்போம்.”

பிள்ளைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ஃபோனைப் போட்டுவிட்டு எழுந்தாள். டம்மியை வாங்கி இடது உள்ளங்கையில் நிறுத்தினாள். ஆடாமல் இருக்க வலது கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு, அப்பாவிடம் போய் நீட்டினாள்.

“பத்த வைங்கப்பா.”

ஹரிஷ்குமார் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு காந்துகிறது. “சின்னப் புள்ள, அப்படித்தான் செய்யும். நம்ம புள்ளைக்கு நாம சொல்லிக் குடுத்தாப் போச்சு,” என்றார்.

“உங்க புள்ளைக்கு நீங்க சொல்லுவீக. பாட்னாவுல பெட்டி வாங்குற புள்ளைக்கு யாரு சொல்லுவா? நீங்க போயி நிப்பீகளா? எங்கம்மா அடைச்ச புஸ்வாணம், நான் வரைஞ்ச படம், உங்க பேரு. மூணு பேரும் சேந்துதான் அந்தப் புள்ளயோட கையில வைக்கோம்.” என் குரல் வெளியே கணக்கர் இருக்கிற அறை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் பேசினேன். “சரி, சொல்லித்தான குடுக்கணும்? இப்பச் சொல்லிக் குடுங்க. நான் நிக்கேன், பாக்கேன்.”

அவர் என்னை முறைத்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, குழைந்த குரலில், “பிரீத்திம்மா, இது பட்டாசு. கையில வச்சுக் கொளுத்தக் கூடாது. கீழ வைடா,” என்றார்.

“கீழ வச்சா அழும்ப்பா.”

“இது அழாதுடா. இது நிஜ டுப்பிலோ இல்ல.”

“அப்ப ஏன் டுப்பிலோன்னு பேரு வச்சீங்க?”

அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெடித்தால் கை புண்ணாகிவிடும், ஊசி போடுவார்கள் என்று பயமுறுத்தினார். டுப்பிலோ என்னை ஒன்றும் செய்யாது என்றாள் அவள். கீழே வைத்தால் சாயங்காலம் ஐஸ்கிரீம் என்றார். அவள் கூம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கடைசியில் அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

“பிரீத்தி, அப்பா சொல்றேன்ல. தரையில வை.”

பிள்ளை பயந்துவிட்டாள். உதடு பிதுங்கியது. அப்பா சொல்வதையும் தட்டக் கூடாது, டுப்பிலோவையும் அழவிடக் கூடாது. கொஞ்ச நேரம் அவரையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்தாள். இடது கையை விரித்து, புறங்கை டைல்ஸில் படியும்படி தரையோடு தரையாக வைத்தாள். உள்ளங்கை மேல் அது நின்றுகொண்டிருந்தது.

“தரையில வச்சிட்டேன்ப்பா,” என்றாள். “இப்பப் பத்த வைங்க.”

ஹரிஷ்குமார் அந்தக் கையைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு டம்மியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, விரிந்து கிடந்த அந்தக் கையைத் தன் கைக்குள் மூடிக்கொண்டார். அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவர் விடவில்லை. இன்னொரு கையால் பையிலிருந்து ஃபோனை எடுத்து அச்சகத்தைக் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, மெஷின நிறுத்துங்க,” என்றார். “ஓடுன தாள் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது.”