அரைச்சுற்றுப் பிழை

அக்கா துறைத்தலைவி. தங்கை அதே துறையில் ஒப்பந்த ஆராய்ச்சியாளர். சிபாரிசில் வந்தவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசாத ஆளில்லை. முகத்துக்கு நேரே ‘குட்டி மேடம்’ என்பார்கள். ஏழு வருடமாக அதைச் சிரித்தே விழுங்கிவந்தாள்.

அவர்கள் ஆராய்ந்தது ஓர் இரட்டை விண்மீன். ஒன்று, நொடிக்குச் சில நூறு தடவை தன்னைத்தானே சுற்றும் துடிவிண்மீன். அளவில் ஓர் ஊருக்குள் அடங்கிவிடும். எடையில் சூரியனையே மிஞ்சும். மற்றது, ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சுற்றிவரும் நோஞ்சான் துணை. துடிவிண்மீனிலிருந்து சீறும் துகள்காற்றும் துணையிலிருந்து கிளம்பும் காற்றும் நடுவழியில் மோதிக்கொள்ளும். அங்கே அதிர்ச்சி அலை எழும். எக்ஸ் கதிர் கொட்டுவது அங்கிருந்துதான். யாருடைய காற்று தோற்கிறதோ அவரை மூடிக்கொண்டு அந்த அலை வளையும். தோற்பது யார் என்பதுதான் கேள்வி. எக்ஸ் கதிர் உச்சத்துக்கு வரும்போது நமக்கு முன்னால் நிற்பது எதுவோ, தோற்றது அதுதான்.

தோற்பது துணைதான் என்று அக்கா எழுதிய கட்டுரை நல்ல பேர் வாங்கியது. சுற்றில் எது எப்போது முன்னால் வரும் என்று சொல்லும் நேர அட்டவணை தங்கை போட்டது. ‘பூஜ்யம் என்பது துணை முன்னால் நிற்கும் நேரம்’ என்று தலைப்பிலேயே எழுதியிருந்தாள். கட்டுரை முடியும் சமயத்தில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தங்கைதான். கடைசிப் பிரதி போனில் வந்தபோது, திறந்துகூடப் பார்க்காமல் ‘சரி அக்கா’ என்று அனுப்பிவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து, துடிவிண்மீனிடமிருந்து அதுவரை கண்ணாமூச்சி காட்டிய ரேடியோ துடிப்பு அகப்பட்டது. ஒவ்வொரு சுற்றிலும் துணையின் வாயு குறுக்கே வரும்போது துடிப்பு மறைந்தது. அது மறைந்த நேரம், தங்கையின் அட்டவணைப்படி அச்சுப் பிசகாமல் பூஜ்யம். பூரித்துப்போய் அக்காவின் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படத்தில் பூஜ்யத்துக்கு மேலே ‘துடிவிண்மீன் முன்னால்’ என்றிருந்தது. அரைச்சுற்று தப்பு. அப்படியானால் தோற்பது துணையல்ல, துடிவிண்மீன். கட்டுரையே தலைகீழ்.

தங்கை நீட்டிய இரண்டு தாள்களையும் அக்கா மாறி மாறிப் பார்த்தாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லக்கா. உங்கிட்டதான் முதல்ல.”

“ரெண்டு மாசம் பொறு. புது செயற்கைக்கோள் குழுவுக்குத் தலைவர் நானா இல்லையான்னு முடிவாகட்டும். அப்புறம் நானே திருத்தம் எழுதறேன்.”

“ரெண்டு மாசத்துல வேற யாராவது கண்டுபிடிச்சிட்டா?”

“அதுக்கெல்லாம் மூளை வேணும்டி,” என்று அக்கா சிரித்தாள். தங்கையும் கூடச் சிரித்துத் தொலைத்தாள்.

பதவி அக்காவுக்கே கிடைத்தது. அடுத்த வாரமே ஒரு கருத்தரங்கில், அக்கா பேசி முடித்ததும், வேறொரு ஆய்வகத்துத் தாடிக்காரர் எழுந்தார். “துடிப்பு மறையும் நேரமும் உங்க படமும் ஒத்துவரலியே?”

அக்கா இமைகூடக் கொட்டவில்லை. “நாங்களும் கவனிச்சோம். நேர அட்டவணையில பூஜ்யத்தை மாத்திக் குறிச்சிருக்காங்க. திருத்தம் அனுப்பப் போறோம்.”

அட்டவணை போடுவது யார் என்று அந்த அரங்கில் தெரியாதவர் இல்லை. மூன்றாவது வரிசையை நோக்கி ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. தங்கை மடியிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள்.

திங்கட்கிழமை திருத்தக் கடிதம், கட்டுரையின் இணையாசிரியர் என்ற முறையில் தங்கையின் கையெழுத்துக்கு வந்தது. ‘அட்டவணையில் நேர்ந்த பிழை’ என்று ஒரே வரி. அன்று சாயங்காலமே அம்மா போன் செய்தாள். அம்மா இருப்பது அக்கா வீட்டில்.

“ஒரு கையெழுத்துதானே? போட்டா கை தேஞ்சா போயிடும்?”

“தப்பு என்னோடது இல்லம்மா.”

“அவ இல்லன்னா உனக்கு அந்த நாற்காலியே ஏது?”

தங்கை போனை வைத்தாள். அது பொய்யும் இல்லையே. இரண்டு நாள் கடிதம் மேஜையிலேயே கிடந்தது. படிக்காமல் ‘சரி அக்கா’ சொன்னவள், இன்று மட்டும் யோக்கியம் பேசுவதா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போடாமல், பழைய அட்டவணையைத் தலைப்போடு அப்படியே இதழாசிரியருக்கு அனுப்பிவைத்தாள்.

நான்கு மாத இழுபறிக்குப் பிறகு திருத்தம் அச்சில் வந்தது. ‘படம் தயாரிக்கையில் பூஜ்யப்புள்ளி மாற்றிப் புரிந்துகொள்ளப்பட்டது.’ யாரால் என்று இல்லை. அதற்குள் தாடிக்காரரின் கட்டுரை வந்துவிட்டது. எல்லாரும் அதைத்தான் மேற்கோள் காட்டினார்கள். அக்காவின் பதவிக்கு ஒரு கீறலும் இல்லை. தங்கையின் ஒப்பந்தம் மட்டும் புதுப்பிக்கப்படவில்லை. அலுவலகத்தில் காரணம் கேட்டபோது, ‘திட்டம் முடிஞ்சிருச்சே’ என்றார்கள்.

கடைசி நாள் அவள் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து வாசலில் நின்றாள்.

“சபையில உன் பேரைக்கூட நான் சொல்லலியே. அதுக்குப் போய் இவ்வளவா?”

“எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளுக்குப் பேர் எதுக்குக்கா?”

அக்கா வந்த வேலையைச் சொன்னாள். “அடுத்த வருஷத்துக்கான அட்டவணையைப் போட்டுக் குடுத்துட்டுப் போயேன். இங்க வேற யாருக்கும் அது வராது.”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. பெட்டிக்கு டேப் ஒட்டினாள். “மாட்டேன்,” என்றாள். பிறந்ததிலிருந்து அக்காவிடம் அவள் சொல்லாத வார்த்தை அது. சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

இப்போது ஒரு கல்லூரியில் முதலாம் ஆண்டு இயற்பியல் நடத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் செய்வாள். அம்மா முழங்கால் வலியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவாள். “அக்கா எப்படி இருக்கா?” என்று மட்டும் இவள் கேட்பதில்லை, “நீ எப்படி இருக்கே?” என்று அம்மாவும் கேட்பதில்லை.