கை நனைத்த வீடு

1972 கோடை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர்களை ஒரு கிராமத்துக்கு அழைத்துப் போக எங்கள் கல்லூரி முதல்வர் ஆள் தேடினார். எங்கள் பொருளாதாரத் துறையில் லீவுக்குப் போக இடமில்லாதவன் நான்தான். மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. சரி என்றேன்.

கொத்தமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். காலையில் மண் ரோடு போட வேண்டும். பிறகு, வகுப்பில் படித்ததை ஊரில் பார்ப்பதற்காக வீடுவீடாகப் போய்க் கேள்வி கேட்க வேண்டும். நிலம் எவ்வளவு, பெண்பிள்ளைகள் உண்டா, வயதென்ன, படிப்பென்ன.

உடையப்பன் வீட்டுக்கு மாணவன் செம்மலையோடு நானும் போனேன். மகள் நாகவல்லி எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள்.

"மேல படிக்குமா?" என்றேன்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு?" என்றார்.

கதவுக்குப் பின்னால் ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்டது.

சாப்பிடச் சொன்னார். மண் சுமந்த பசி. உட்கார்ந்துவிட்டோம். செம்மலை இலையை விட்டு எழவே இல்லை.

மறுநாள் காலை உடையப்பன் வெற்றிலைத் தட்டோடு முகாமுக்கு வந்தார். கூடவே அவர் மைத்துனர் கருத்தையா.

"தேதி எப்ப வச்சுக்கிருவோம், மாப்பிள்ளை?"

"என்ன தேதி?"

"என்ன இப்பிடிக் கேக்குறீக? பொண்ணு வயசு கேட்டீக, படிப்புக் கேட்டீக, நிலம் கேட்டீக. கையும் நனைச்சுட்டீக. சம்சாரம் தவறிட்டாக, நம்மாளுகதான்னு உங்க பையன்கிட்ட விசாரிச்சாச்சு."

செம்மலையைப் பார்த்தேன். அவன் மண்வெட்டியைப் பார்த்தான்.

பெண் கேட்டு வருகிறவர்கள் பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம். இது எனக்குத் தெரியும். நான் பெண் கேட்டுப் போயிருக்கிறேன் என்பதுதான் தெரியாது.

விளக்கிச் சொன்னேன். உடையப்பன் முகம் தொங்கிவிட்டது.

"கை நனைச்சுட்டு வேண்டாம்னுட்டாகன்னா, புள்ளைக்கு என்ன குறைன்னுல கேப்பாக? இனி எவன் என் வாசப்படி மிதிப்பான்?"

அவர் சொன்னது நிஜம். என்னால் இன்னொரு கல்யாணம் ஆகாது. அதற்காக அந்தப் பெண்ணின் பேர் கெடவும் கூடாது.

"பொண்ணு கேட்டது வாஸ்தவம்தான். எனக்கில்ல. காலேஜுக்கு."

"காலேஜுக்கா?"

"பி.யு.சி.க்குக் கேட்டு வந்தோம். சம்மதம்னுதானே சோறு போட்டீக?"

கருத்தையா வாய்விட்டுச் சிரித்தார். "மச்சான், வசமா மாட்டிக்கிட்டீக!"

உடையப்பன் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊருக்குள்ள இப்பிடியே சொல்லலாமா?"

"தாராளமா."

"சொல்லிட்டா அனுப்பித்தானே ஆகணும்?"

"ஆமா."

தட்டை நீட்டினார். செம்மலை வாங்கிக்கொண்டான்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டுப் பொன்னுத்தாயி ரோட்டுக்கே வந்து நின்றாள்.

"அவுக வீட்டுல மட்டும் கை நனைக்கிறீக. எங்க வீட்டுச் சோறு உங்களுக்கு இறங்காதோ? எம்மக முத்தழகுந்தான் பாஸ் பண்ணிருக்கா!"

செம்மலை மண்வெட்டியைக் கீழே போட்டான்.

"சார், ஒரு எட்டு சாப்பிட்டுட்டு வந்துருவோமா?"

கை கழுவிக்கொண்டு கிளம்பினோம்.