முக்கால் சுற்று

அந்த மெக்கானிக்கின் கைக்கு ஒரு வியாதி இருந்தது. எங்கே திருகு கண்ணில் பட்டாலும் அவரைக் கேட்காமலே அது போய் முறுக்கிவிட்டு வரும். தையல் மிஷின் பழுதுபார்ப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. அவர் எண்ணெய் விட்டு முறுக்கி வைத்த மிஷின் ஒன்று, தைத்த வேகத்தில் மேசையோடு கிளம்பி வாசல்வரை போய்விட்டதாம். தையல்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாராம். இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் அவரேதான்.

பதினாறு வயது மகளோடு அன்று அவர் கிடார் கடைக்குப் போனார். பள்ளி இசைக்குழுவில் கிடாருக்கு ஒரே ஒரு இடம், திங்கட்கிழமை தேர்வு. அவள் இரவல் வாங்கி வாசித்துக்கொண்டிருந்த கிடாரின் கழுத்து உலக்கைக் கனம். அதிலேயே அவள் வாசிக்கிற வேகத்துக்கு, ஜன்னல் கண்ணாடிகள் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் உயிர் பிழைத்தன.

"வேகமான எலெக்ட்ரிக் கிடார் வேணும். சும்மா ஜிவ்வுனு போகணும்," என்றார் மெக்கானிக்.

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கடைக்காரர், "கிடாருக்குள்ள எஞ்சின் எல்லாம் கிடையாது சார்," என்றார். "கழுத்து ஒல்லியா இருக்கணும், கம்பி தாழ்வா இருக்கணும். அவ்வளவுதான் வேகம். மிச்சமெல்லாம் விரல்ல இருக்கு."

"தாழ்வான்னா எவ்வளவு தாழ்வா? இந்த இடைவெளி விஷயம் நமக்குத் தண்ணி பட்ட பாடு சார். எங்க மிஷின்ல..."

தையல் மிஷினின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் கால் மணி நேரம் விளக்கினார். கடைக்காரர் கொட்டாவியை விழுங்கினார். மகள் கிடார்களைப் பார்த்துக்கொண்டே போனாள். முதல் கிடாரில் கழுத்தின் வார்னிஷ் கையோடு ஒட்டியது. இரண்டாவது, தோளைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும் போலிருந்தது. மூன்றாவது கறுப்பு. கழுத்தின் பின்புறம் வழவழப்புப் பூச்சில்லாத வெறும் மரம். கட்டைவிரல் நழுவிக்கொண்டு ஓடியது. ஸ்பீக்கரில் மாட்டாமலே மெல்ல வாசித்துப் பார்த்தாள். பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை. கீழே வைக்க மனசில்லாமல் நின்றாள்.

"ஒயர் எடுத்துட்டு வரேன், ஸ்பீக்கர்ல போட்டுப் பாத்துடலாம்," என்று கடைக்காரர் உள்ளே போனார். ஒட்டின கையைக் கழுவ மகள் குழாய்ப் பக்கம் போனாள்.

மெக்கானிக்கும் கிடாரும் தனியாக.

கம்பிக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த சந்து அவரைப் பார்த்துக் கண்ணடித்தது. அவ்வளவு தூரம் விரல் எதற்கு இறங்கி ஏறணும்? கம்பிகள் உட்காரும் உலோகப் பாலத்தின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு திருகு. சட்டைப் பையில் ஆலன் கீ, திருகு முறுக்கும் குட்டிச் சாவி. வலப்பக்கம் முக்கால் சுற்று. இடப்பக்கம் மட்டும் என்ன பாவம் செய்தது? அதற்கும் முக்கால். கம்பிகள் கழுத்தை ஒட்டி இறங்கின.

கடைக்காரர் ஒயரோடு வந்தார். மகள் திரும்பி வந்து அதை மாட்டி வாசித்தாள். டப்பாவில் அடைத்த குளவிக் கூட்டம் போல ஸ்பீக்கர் இரைந்தது. பாதிச் சுரங்கள் பிறந்த இடத்திலேயே செத்தன. மறுபடி வாசித்தாள். இன்னும் அழுத்தினாள். நாலாவது தடவை அவள் காது சிவந்துவிட்டது.

"ஸ்பீக்கர்ல போட்டாத்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்," என்றார் கடைக்காரர். "விரல்ல இன்னும் பலம் வரலை பாப்பா. இது ஓட்டத் தெரிஞ்சவங்க வண்டி."

மெக்கானிக்குக் காரணம் முதல் தடவையே தெரிந்துவிட்டது. ஆனால் கால் மணி நேரம் இடைவெளியைப் பற்றிப் பாடம் நடத்திய வாய்க்கு அதைச் சொல்ல வரவில்லை. எதிர்ச் சுவரில் தொங்கிய கிடார்களை ஒருமுறை எண்ணினார். பதினேழு. இன்னொருமுறை எண்ணினார்.

"அந்த முதல் கிடாரே போதும்பா," என்றாள் மகள், விரல்களைப் பாவாடையில் துடைத்தபடி. "தேர்வுக்கும் வரலைன்னு சொல்லிடறேன். எனக்கு இதெல்லாம் ஓவர்."

மெக்கானிக் எண்ணுவதை நிறுத்தினார்.

"சார்... பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் திருகிட்டேன்."

"என்னத்த?"

"ரெண்டு பக்கமும். முக்கால் முக்கால் சுத்து. இன்னும் கொஞ்சம் வேகமா இருக்கட்டுமேன்னு..."

கடைக்காரரின் கண்ணாடி நெற்றியிலிருந்து தானாகவே மூக்குக்கு இறங்கியது. "உங்க மிஷினுக்கு நான் வந்து எண்ணெய் விட்டேனா சார்?"

"இதோ, ஒரு செகண்டுல பழையபடி..."

"தொடாதீங்க!"

அந்தக் கத்தலுக்குச் சுவரில் தொங்கிய பதினேழும் சேர்ந்து ரீங்கரித்தன. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல மெக்கானிக் ஆலன் கீயைப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கடைக்காரர் அளவுகோல் வைத்து இரு திருகையும் சரிசெய்தார். "பாப்பா, நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதம்மா. இப்ப வாசி."

வாசித்தாள். சுரங்கள் ஒன்றையொன்று தொட்டுத் தாண்டிக்கொண்டு ஓடின. கடைக்காரர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்ற மறந்துபோனார். மகள் ஒரு தடவைகூட அப்பா பக்கம் திரும்பவில்லை.

தெருவுக்கு வந்ததும், வாங்கின கறுப்புக் கிடாரின் பெட்டியை அவருடைய வலது கையில் கொடுத்தாள். குட்டி ஸ்பீக்கரை இடது கையில் கொடுத்தாள்.

"ரெண்டு கைக்கும் வேலை இருக்கட்டும்."

அப்பாடா என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"திருகினதை விடுங்கப்பா. உங்க கை அப்படித்தான். நாலு தடவை வாசிச்சேனே, பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

"கண்ணு, அது வந்து..."

மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது, துடைக்கக் கையில்லை.

பத்தடி போனவள் திரும்பி வந்தாள். அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஆலன் கீயை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்."

"அப்புறம்?"

"பாக்கலாம்," என்று முன்னால் நடந்தாள். கிடார் எங்கும் இடிபடாமல், பக்கவாட்டில் நடந்தபடி அவர் பின்னால் போனார்.