அடுத்த பங்க்கில் விலை குறைவு

லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே அவர் ஒரு வீடு வாங்கினார். அதற்குச் சக்கரம் இருந்தது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை, ஸ்டியரிங் எல்லாம் கொண்ட அந்த வீட்டுவண்டிக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவர் அவர் மனைவி. எவ்வளவு ஊற்றினாலும் திருப்திப்படாது. சின்ன மேடு வந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். வேறு என்ன பெயர் வைப்பது?

மனைவி சுங்கத்துறையில் பெட்டி சோதித்தவர். பெட்டியைத் தொடவே மாட்டார். பெட்டிக்காரன் முகத்தைப் பார்ப்பார். அவன் தானே திறந்து, கேட்காததையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு அழுவான். எல்லோருக்கும் அவர் சுங்கத்தம்மா. அன்று காலை கிளம்பும்போதே கண்டிஷன் போட்டுவிட்டார்.

"இதோ பாருங்க. ஒரே ஒரு தடவை டீசல் இல்லாம வண்டி நின்னுச்சுன்னா, இதை வித்துட்டு பஸ் ஏறிடுவேன்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளையா இருந்தா சாவியே குடுத்திருக்க மாட்டேனே."

சொன்ன சொல் மாறாத பெண்மணி. ஒரு பல் டாக்டரிடம் இனிப் போக மாட்டேன் என்று சொன்னதற்காக, அந்த டாக்டர் எதிர்வீட்டுக்கே குடிவந்த பிறகும், வீங்கிய கன்னத்தோடு பக்கத்து ஊருக்குப் போய்வந்தவர்.

லிஃப்ட்காரருக்கோ ஒரு வியாதி. எந்தப் பங்க்கைப் பார்த்தாலும், அடுத்த பங்க்கில் விலை குறைவாக இருக்கும் என்று தோன்றும். அன்று முதல் பங்க்கின் விலைப்பலகையைப் பார்த்து, "பகல் கொள்ளை!" என்று பலமாகச் சிரித்துவிட்டு கியரைப் போட்டார். அடுத்ததில் விலை கூடுதல். திரும்பிப் போகலாம், ஆனால் சிரித்தாயிற்றே! அதற்கடுத்ததில் இன்னும் கூடுதல். கடைசிப் பங்க்கின் பலகையைப் பார்த்ததும் மாப்பிள்ளையே ஒரு முறை இருமியது. அதன் பிறகு பங்க்கே இல்லை, மலைதான். டீசல் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய், கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியேற வழி தேடியது.

சுங்கத்தம்மா பின்னால் படுத்து மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். மலை இறக்கத்தில் எஞ்சின் ஒரு விக்கல் விக்கி அணைந்தது. லிஃப்ட்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டே வந்தார். அடிவாரத்தில் ஒரு பங்க்! பலகையில் இருந்த விலையைக் கண்டதும் அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. காலையில் சிரித்த விலையில் பாதிகூட இல்லை.

வண்டி பம்ப் பக்கத்தில் வந்து நின்ற பிறகுதான் மற்றவை கண்ணில் பட்டன. பம்ப்பில் குழாய் இல்லை. குழாய் இருந்த ஓட்டையில் குருவி குடும்பம் நடத்தியது. அறைக்கதவில் பூட்டு, பூட்டைச் சுற்றிக் கொடி. எந்தக் காலத்திலோ மூடிய பங்க், மூடிய காலத்து விலை.

"ஏங்க நிக்கிறோம்?" பின்னாலிருந்து குரல் வந்தது.

"கியூம்மா."

"முன்னாடி யாரையும் காணோமே?"

"நாமதான் முதல்ல."

வாயிலிருந்து வந்த பொய் தரையில் விழுவதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது. குளியல் தொட்டிகள் ஏற்றிய ஒரு லாரி. அதன் பின்னால் ஒரு கார், ஒரு பள்ளிப் பேருந்து. விலைப்பலகையையும், அதன் கீழே பெரிய வண்டி ஒன்று நிம்மதியாக நிற்பதையும் பார்த்தால் யார்தான் தாண்டிப் போவார்கள்?

சுங்கத்தம்மா சன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தார். "அட, நிஜமாவே கம்மிதாங்க. இந்தத் தடவை நீங்க சொன்னது சரி."

கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத வார்த்தை. அதைச் சட்டம் போட்டு மாட்டவும் வேண்டும், அதை விட்டுவிட்டு ஓடவும் வேண்டும் போலிருந்தது லிஃப்ட்காரருக்கு.

தொட்டி லாரிக்காரர் இறங்கி வந்தார். "எப்ப சார் ஊத்துவாங்க?"

இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களிடம் மூடிய கதவுக்கு வெளியே நின்று பேசியே காலம் தள்ளியவர் லிஃப்ட்காரர். அந்தக் குரல் தானாக வந்தது. "பதட்டப்படாதீங்க. நல்லா மூச்சை இழுத்து விடுங்க. இதோ, ரெண்டே நிமிஷம்."

லாரிக்காரர் நெஞ்சு குளிர்ந்து போய், தன் சரக்கிலேயே ஒரு தொட்டி பார்த்துப் படுத்துக்கொண்டார்.

கியூ வளர்ந்தது. தலைப்பக்கம் வெயில் அடிக்கும்போது வால்பக்கம் மழை பெய்தது. நடுவில் இருந்தவர்கள் தபால்காரரிடம் புது முகவரி கொடுத்தார்கள். ஒருவர் தன் இடத்தை வாடகைக்கு விட்டார். வாடகைக்கு வந்தவர் காலி செய்ய மாட்டேன் என்று தகராறு செய்தார்.

செய்தி ஊருக்குள் போய், பங்க் முதலாளியம்மா ஓடி வந்தார். இப்போது அழகு நிலையம் வைத்திருக்கிறார்; பாதித் தலைக்கு மை பூசிய ஒரு பெண்ணை நாற்காலியில் விட்டுவிட்டு, மை கையுறையோடு வந்து நின்றார்.

"யாரைக் கேட்டுய்யா என் பங்க்ல கியூ?"

"மெதுவாம்மா, மெதுவா. வண்டியில சுங்கம் இருக்கு."

ஆனால் சுங்கம் வண்டியில் இல்லை. பழக்கதோஷம், கியூ நெடுகச் சோதனை போட்டுக்கொண்டே போயிருந்தார். திரும்பி வரும்போது ஒரு டேங்கர் லாரியின் படியில் நின்றபடி வந்தார்.

"கியூ கடைசியில நின்னுச்சு. உள்ள என்னன்னு கேட்டேன். டீசலாம்!"

"டீசலை வச்சுக்கிட்டு ஏம்ப்பா கியூல நின்னே?" என்றார் லிஃப்ட்காரர்.

டேங்கர்காரர் நெளிந்தார். "விலை கம்மின்னாங்க சார்."

முதலாளியம்மா கியூவை ஒரு முறை பார்த்தார், டேங்கரை ஒரு முறை பார்த்தார். பிறகு பலகையை முந்தானையால் துடைத்து, தலைக்குப் பூசும் மையாலேயே புது விலை எழுதினார். கடைசிப் பங்க் விலையைவிட அது அதிகம். யாரும் முணுமுணுக்கவில்லை. இவ்வளவு நேரம் நின்றவர்கள் எப்படிப் போவார்கள்?

"முதல் வண்டி! கொஞ்சம் திருப்பி நிறுத்துங்க சார்," என்றார் டேங்கர்காரர், குழாயை இழுத்துக்கொண்டே. "டேங்க் மூடி அந்தப் பக்கம் இருக்கு, குழாய் எட்டாது."

லிஃப்ட்காரர் சாவியைத் திருகினார். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. மறுபடி திருகினார்.

சுங்கத்தம்மா அருகே வந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"பதட்டப்படாத. ரெண்டே நிமிஷம்..."

"என்கிட்டயேவா அந்தக் குரல்?"

லிஃப்ட்காரரும் தன் பெட்டியைத் திறந்துவிட்டார். "நின்னுடுச்சும்மா. கியூ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே."

சுங்கத்தம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இந்த வண்டி விலைக்கு. யாருக்கு வேணும்?"

"எனக்கு!" முதலாளியம்மாவின் கையுறை உயர்ந்தது. "இது முன்னால நின்னாத்தான் கியூ வரும்." சொன்ன விலையும் நல்ல விலைதான். சுங்கத்தம்மா கை நீட்டினார்.

லிஃப்ட்காரர் தினமும் துடைத்து வைத்த ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்போது அவருடைய வியாதிதான் நாக்கில் வந்து உட்கார்ந்தது.

"குடுக்கலாம்மா, தாராளமா குடுக்கலாம். ஆனா அடுத்த ஊர்ல இதைவிட நல்ல விலை வரும்."

நீட்டிய கை பாதியில் நின்றது.

"எவ்வளவு வரும்?"

"போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

தொட்டி லாரிக்காரரும் மற்றவர்களும் வண்டியைத் தள்ளித் திருப்பினார்கள். பலகையில் எழுதிய புது விலைக்கே டேங்க் நிரம்பியது. சாவி கை மாறியது.

அதிலிருந்து சுங்கத்தம்மாதான் ஓட்டுகிறார். கண்ணில் படும் எல்லாப் பங்க்கிலும் விலை பார்க்காமல் டீசல் போடுகிறார். விற்பேன் என்ற சொல்லையும் அவர் மாற்றவில்லை. ஊர் ஊராக விற்கத்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். போன ஊரில் ஒருவர், வண்டியின் எடைக்கு எடை தங்கம் தருகிறேன் என்றார்.

"பகல் கொள்ளை!" என்று பலமாகச் சிரித்துவிட்டு சுங்கத்தம்மா கியரைப் போட்டார்.